மெலடி என்றார்கள், இவ்வளவு சத்தமா? மெலடிக் ராக்: ஓர் எளிய விளக்கம்

போன மழைக்காலத்தில் கோத்தகிரியில் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அக்கா மகன் கிட்டார் வாசிக்கிறவன். ஒரு நாள் சாயங்காலம் கைபேசியை என்னிடம் நீட்டினான். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு மெலடிக் ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு யாரோ எழுதிய விமர்சனம். வரிக்கு வரி பாராட்டு. "பாருங்க மாமா, முதல் ஆல்பத்துக்கே எப்படி எழுதியிருக்காங்க" என்றவன், கையோடு ஒரு பாட்டையும் போட்டுவிட்டான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக்கொண்டு கிட்டார் அதிர்ந்தது. அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏண்டா, மெலடின்னு சொன்னான். இவ்வளவு சத்தமா இருக்கே?"

நியாயமான கேள்வி. அக்கா சின்ன வயதில் ஏழு வருஷம் பாட்டு கற்றவள், காது கூர்மை. அவளைக் குழப்பியது அந்தச் சொல்தான். 'மெலடி' என்றதும் தமிழில் நமக்கு நினைவுக்கு வருவது ஒன்று. ராக் விமர்சகர்கள் அதே சொல்லால் குறிப்பது வேறொன்று. இது தெரியாமல்தான் பலரும் மெலடிக் ராக் என்றால் மென்மையான ராக் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நான்கு நாளில் அக்காவுக்கு நான் விளக்கியதையும் அவள் எனக்குக் காட்டிக்கொடுத்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பெரிய இசை ஞானம் எதுவும் வேண்டாம். ச, ரி, க, ம என்று ஒரு தடவை பாடிப் பார்த்திருந்தால் போதும்.

மெலடி என்றால் மெட்டு

நம் சினிமாப் பேச்சில் ஆட வைக்கிற பாட்டு குத்து, கண்ணை மூடிக் கேட்க வைக்கிற பாட்டு மெலடி. ராத்திரிப் பயணத்தில் "மெலடி போடுங்க" என்றால் டிரைவர் மெதுவான காதல் பாட்டைத்தான் தேடுவார். அந்த வழக்கில் தப்பே இல்லை. ஆனால் சொல்லின் அடிப்படைப் பொருள் மெட்டு. ஒரு சுரத்துக்குப் பின் இன்னொரு சுரம் என்று கோத்து வரும் வரி. பாட்டின் சொற்கள் மறந்த பிறகும் ம்ம்ம் என்று முனக முடிகிறதே, அதுதான். அந்த வரி எந்த வேகத்திலும் வரலாம், எவ்வளவு சத்தமாகவும் வரலாம்.

இதற்கு நாதஸ்வரத்தை விட நல்ல சாட்சி கிடையாது. ஊட்டி மாரியம்மன் கோயில் தேரோட்டத்தின்போது தெருவில் நின்று கேட்டிருப்பீர்கள். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் கருவி. பக்கத்தில் தவில் இடி இடிப்பதுபோல் முழங்கும். ஆனால் அந்த முழக்கத்தின் மேலே ராகம் எவ்வளவு நுணுக்கமாக வளைந்து வளைந்து போகிறது! நீலகிரியின் பழங்குடிகளில் ஒருவரான கோத்தர்கள் ஊதும் 'கொள்' என்ற குழலும் அப்படித்தான். முரசு அதிரும், குழல் மெட்டை அதன் மேலே ஏற்றிக்கொண்டு போகும். சத்தமும் மெட்டும் ஒன்றுக்கொன்று பகை என்று நம் ஊர்க் காதுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மெலடிக் ராக்கையும் அதே காதால் கேட்கலாம்.

பின்னாலிருந்து தள்ளும் இன்ஜின்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் ஏறியவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. வண்டிக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்சட்டத்தைச் சக்கரம் கவ்விக்கொள்ள, 12 அடிக்கு 1 அடி உயரும் செங்குத்தான பாதையில் அத்தனை பெட்டிகளையும் பின்னாலிருந்தே மேலேற்றுகிறது. முதல் பெட்டியில் உட்கார்ந்தவருக்கு முன்னால் பாதையும் மலையும்தான் தெரியும். ஆனால் உடம்பு முழுக்க இன்ஜினின் உந்தலை உணர்ந்துகொண்டே இருக்கும்.

மெலடிக் ராக் அந்த ரயில்தான். டிரம்ஸ், பேஸ் கிட்டார், அதிரும் கிட்டார் மூன்றும் பின்னால் நிற்கும் இன்ஜின். முன் பெட்டியில் மெட்டு இருக்கிறது. ராக்கின் வேறு சில வகைகளில், கனமான மெட்டல் இசையில் முக்கியமாக, இன்ஜின்தான் முன்னால் வரும். அங்கே பாட்டை நடத்துவது ரிஃப். கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு குட்டி வாசிப்புக்கு அப்படிப் பெயர். அத்தகைய பாட்டுகளில் பாடுகிறவர் பல நேரம் ரிஃபின் மேல் சவாரி செய்வார். மெலடிக் ராக்கில் ரிஃப் உண்டு, ஆனால் பாடும் வரிக்கு அது இடம்விட்டு நிற்கும்.

சுருக்கமாக: மெலடி என்பது மெட்டு, அதற்கும் மெதுவுக்கும் சம்பந்தமில்லை. ராக்கின் முழு பலமும் பாடக்கூடிய ஒரு மெட்டை மேலே ஏற்றுவதற்காகச் செலவாகும்போது அது மெலடிக் ராக்.

கிட்டார் விட்டுவைக்கும் காந்தாரம்

இனி, உள்ளே நிஜமாக என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

திருவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் சத்தம் வைத்தால் குரல் கரகரவென்று கிழியும். கருவியால் தாங்க முடியாத அளவுக்கு ஒலி அலை உயரும்போது அதன் உச்சி வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையில், மூல ஒலியோடு அதற்கு மேலான பல ஒலிகள் புதிதாக முளைக்கின்றன. நாம் கரகரப்பு என்பது அந்தப் புது ஒலிகளைத்தான். ஒலிபெருக்கியில் இது கோளாறு. எலெக்ட்ரிக் கிட்டாரில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். பெயர் டிஸ்டார்ஷன். இதனால் கிட்டாருக்கு ஒரு முரட்டுத்தனமும், தந்தியை ஒரு தடவை மீட்டினால் நெடுநேரம் நிற்கிற நாதமும் கிடைக்கின்றன.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மேற்கத்திய இசையில் கிட்டாரை ஒரு சுரமாக மட்டும் மீட்டுவதில்லை. சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவார்கள், அது கார்ட். சாதாரண கார்டில் ச, க, ப மூன்றும் இருக்கும். டிஸ்டார்ஷன் போட்டுவிட்டு மூன்றையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் மற்றதோடு மோதிப் புதுப்புது ஒலிகளைக் கிளப்ப, மழைக்கால ஓடைத் தண்ணீர் மாதிரி எல்லாம் கலங்கிவிடும். அதனால் ராக் கிட்டார்காரர்கள் நடுவிலுள்ள காந்தாரத்தை எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ச, ப, வேண்டுமானால் மேல் ச. இந்தச் சேர்க்கையில் மோதல் மிகக் குறைவு. எவ்வளவு கரகரப்பு போட்டாலும் பாறை மாதிரி நிற்கும். இதற்குப் பெயர் பவர் கார்ட்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா குறுக்கிட்டாள். "அது தம்பூராடா! பஞ்சமமும் சட்ஜமும்தானே." அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நம் தம்பூராவில் பொதுவாக மீட்டுவதும் ப, ச, ச, ச. ராக் கிட்டாரின் முரட்டு அடித்தளமும் நம் கச்சேரி மேடையின் அமைதியான சுருதியும் ஒரே இரண்டு சுரத்தில் நிற்கின்றன.

அப்புறம் அக்காவே ஒரு சோதனை செய்தாள். "நீ அதையே வாசி, நிறுத்தாதே" என்று மகனிடம் சொன்னாள். அவன் ச-ப ஜோடியை மட்டும் அதிரவிட்டுக்கொண்டே இருந்தான். அக்கா அதன் மேல் அந்தர காந்தாரத்தைப் பாடினாள். சங்கராபரணத்தில் வருமே, அந்த வெளிச்சமான க. அறையே மலர்ந்த மாதிரி இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அரைச்சுரம் இறங்கி, நடபைரவியின் சாதாரண காந்தாரத்தைப் பாடினாள். அதே கிட்டார், அதே விரல்கள், ஒன்றும் மாறவில்லை. ஆனால் சோகம் வந்து உட்கார்ந்துவிட்டது. பையன் வாசிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

மெலடிக் ராக்கின் அடிப்படை விசை இதுதான். கிட்டார் தளத்தை மட்டும் போட்டுவிட்டு, மகிழ்ச்சியா துயரமா என்பதைச் சொல்லும் சுரத்தை விட்டுவைக்கிறது. அந்த இடத்தைப் பாடும் குரல் நிரப்புகிறது. கிட்டார் அந்த ஜோடியை ஓரிடத்திலேயே வைத்திருக்காது. மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் மற்ற சுரங்களுக்கும் நகர்த்திக்கொண்டே போகும். ஒவ்வொரு இடத்திலும் பாடகர் எந்தச் சுரத்தில் நிற்கிறார் என்பதுதான் அந்த நொடியின் நிறம். கீபோர்டும் பின்னணியில் நிறம் சேர்க்கும். ஆனால் நம் காது பிடித்துக்கொள்வது குரலைத்தான். 'பாடகரின் மெட்டு பலமாக இருக்கிறது' என்று விமர்சகர் எழுதினால், பாட்டின் உணர்ச்சி சரியான ஆளின் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பல்லவியைத் தள்ளிப்போடும் கலை

நம் கீர்த்தனையில் பல்லவி முதலில் வரும், பிறகு அனுபல்லவி, சரணம். சினிமாப் பாட்டிலும் பெரும்பாலும் பல்லவிதான் தொடக்கம். ராக் பாட்டில் பல்லவி தாமதமாக வரும். அந்தப் பல்லவிக்கு அவர்கள் வைத்த பெயர் கோரஸ்: எல்லாரும் சேர்ந்து பாடுவதற்கென்றே அமைந்த, திரும்பத் திரும்ப வரும் உச்சப் பகுதி.

மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் ஊட்டிக்கு ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி திணறும், காது அடைக்கும். கடைசியில் தலைகுந்தா வந்ததும் சட்டென்று வெளி திறந்து குளிர்காற்று முகத்தில் அறையும். அந்தக் காற்றுக்கு அத்தனை ருசி வருவதே வளைவுகளால்தான். பாட்டிலும் கோரஸுக்குச் சற்று முன் இப்படி ஒரு ஏற்றப் பகுதி வைப்பார்கள், பெயர் பிரீ-கோரஸ். அங்கே மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும். கார்டுகள் சட்ஜத்துக்குத் திரும்பாமல் இழுத்துக்கொண்டே நிற்கும். கேட்கிறவரின் மனம் சட்ஜத்துக்காக ஏங்கத் தொடங்கும். கோரஸின் முதல் அடியில் அது வந்து விழும்போதுதான் கூட்டம் கையைத் தூக்குகிறது.

இந்தத் தாமதத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம்? ஜர்னி என்ற அமெரிக்கக் குழுவின் 1981-ஆம் ஆண்டுப் பாட்டு, 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்'. நான்கு நிமிடம் சொச்சம் ஓடும் அந்தப் பாட்டில் மூன்று நிமிடம் கடந்த பிறகுதான் தலைப்பு வரியே வருகிறது. அதுவரை முழுக்க ஏற்றம். 1986-இல் வந்த பான் ஜோவி குழுவின் 'லிவின் ஆன் எ ப்ரேயர்' வேறொரு வழி போகிறது. கடைசிக் கோரஸில் சுருதியையே மூன்று அரைச்சுரம் தூக்கிவிடுகிறார்கள். நம் கணக்கில் ஒரு கட்டையில் பாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று இரண்டரைக் கட்டைக்குப் போவது மாதிரி. கேட்ட மெட்டுதான், ஆனால் புது உயரத்தில்.

கோரஸைப் பற்றிப் பேசும்போது இன்னொரு சொல்லும் வரும்: ஹுக். ஒரு தடவை கேட்டதுமே மனதில் மாட்டிக்கொள்ளும் துண்டு. மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் கண்டக்டர் "குன்னூர், ஊட்டீ... குன்னூர், ஊட்டீ..." என்று கூவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சுரம், கடைசியில் ஒரு இழுப்பு. இருபது பேருந்துகளின் இன்ஜின் சத்தத்தையும் தாண்டி வந்து சேரும், வீட்டுக்குப் போன பிறகும் காதில் இருக்கும். நல்ல ஹுக் அப்படித்தான். சின்னது, சத்தத்துக்கு மேலே மிதப்பது.

சுருக்கமாக: கிட்டார் ச-ப தளத்தைப் போடுகிறது, குரல் உணர்ச்சியைக் கொடுக்கிறது. பாட்டு ஏங்க வைத்துக் கோரஸில் தீர்க்கிறது. அந்தக் கோரஸை மறக்கவிடாமல் செய்வது ஹுக்.

அடுக்கடுக்காகக் குரல்கள்

டிசம்பரில் குன்னூரில் கேரல் ரவுண்ட்ஸ் வரும்போது வாசலில் நின்று கவனித்தால் தெரியும். பாடகர் குழுவில் எல்லாரும் ஒரே சுரத்தைப் பாட மாட்டார்கள். ஒருவர் மெட்டைப் பாட, இன்னொருவர் அதற்கு மேலோ கீழோ பொருந்தும் வேறொரு சுரத்தில் கூடவே வருவார். இது ஹார்மனி. நம் பஜனையில் நூறு பேர் பாடினாலும் ஒரே வரிதான், அதன் அழகு வேறு. மெலடிக் ராக் கோரஸ்கள் தேவாலயப் பாடகர் குழுவின் வழியில் போகின்றன.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இதை இன்னும் பெருக்கலாம். நான்கு பேர் பாடியதன் மேல் அவர்களே மறுபடியும் மறுபடியும் பாடிச் சேர்த்தால் நாற்பது பேர் பாடிய கனம் வரும். டெஃப் லெப்பர்ட் குழுவின் 1987 ஆல்பம் 'ஹிஸ்டீரியா' இந்த அடுக்கு வேலைக்குப் பேர்போனது. தயாரிப்பாளர் மட் லாங்கே. அந்த ஆல்பம் முடியவே மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் கதை இன்னும் சுவாரசியம். போலராய்டு கேமரா கம்பெனியில் எஞ்சினியர் வேலை பார்த்துக்கொண்டே, வீட்டு நிலவறையில் குழுவின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவுசெய்தார். 1976-இல் வெளியான அந்த முதல் ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிக்கான சான்று பெற்றிருக்கிறது. 'தயாரிப்பு நேர்த்தி' என்று விமர்சனங்களில் வருவது இந்த வேலையைத்தான்: எந்த ஒலி எந்த அடுக்கில் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது.

பாராட்டை எப்படி வாசிப்பது?

குன்னூர் பக்கம் தேயிலை ருசி பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வரிசையாகக் கோப்பைகள். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிட்டு ஒரு சொல் சொல்வார்கள். 'திடம் இருக்கிறது', 'பிரிஸ்க்காக இருக்கிறது'. வெளியாளுக்கு அது வெறும் அலங்காரச் சொல். அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் திடம் என்றால் வாயில் நிற்கும் கனம், பிரிஸ்க் என்றால் நாக்கைச் சுண்டி எழுப்பும் துடிப்பு. விலையே அந்தச் சொல்லில் நிற்கும். இசை விமர்சகரின் 'ஹுக்', 'கோரஸ்', 'தயாரிப்பு' எல்லாமே அப்படிப்பட்ட தொழிற்சொற்கள். அவற்றைப் பொத்தாம்பொதுவான புகழ்ச்சி என்று ஒதுக்கக் கூடாது.

இந்த இசைக்கு விமர்சகர்களின் பாராட்டு சுலபமாகக் கிடைக்கவும் இல்லை. எழுபது, எண்பதுகளில் ஜர்னி, ஃபாரினர், பாஸ்டன் எல்லாம் லட்சக்கணக்கில் விற்றபோது, பல விமர்சகர்கள் 'கார்ப்பரேட் ராக்' என்று ஒதுக்கினார்கள். கம்பெனி கணக்குப் போட்டுச் செய்த சரக்கு என்பது அதன் பொருள். அது நியாயமில்லாத தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். நேர்த்தியாக இருப்பதாலேயே ஒரு பாட்டு பொய்யாகிவிடாது. மரியாதை தாமதமாகத்தான் வந்தது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் ஜர்னி 2017-இலும், பான் ஜோவி 2018-இலும், டெஃப் லெப்பர்ட் 2019-இலும்தான் சேர்ந்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் இந்த இசையைக் காப்பாற்றியது பெரும்பாலும் ஐரோப்பா. இத்தாலியின் நேப்பிள்ஸில் 1996-இல் தொடங்கிய ஃபிரன்டியர்ஸ் என்ற பதிவு நிறுவனம் இதையே முக்கியத் தொழிலாக எடுத்துக்கொண்டது. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் அருகே உப்லாண்ட்ஸ் வேஸ்பி என்று ஓர் ஊர். எண்பதுகளில் உலகமெங்கும் கேட்ட யூரோப் குழு அங்கேதான் பிறந்தது. 2007-இல் ஹீட் என்ற அடுத்த தலைமுறைக் குழுவும் அதே ஊரில் உருவானது. அதனால்தான் இன்று பாராட்டுப் பெறும் புதுக் குழுக்களில் பல ஐரோப்பியக் குழுக்களாக இருக்கின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. இந்த வகைக்கென்று எழுதும் விமர்சகர்கள் பெரும்பாலும் ரசிகர்கள். சின்ன வட்டம், எல்லாருக்கும் இந்த இசை பிழைக்க வேண்டும் என்ற ஆசை. அதனால் மதிப்பெண் தாராளமாக விழும். எண்ணை விட்டுவிட்டுக் காரணத்தைப் படியுங்கள். 'அருமையான ஆல்பம்' என்பதில் ஒன்றும் இல்லை. 'மூன்றாவது பாட்டின் பிரீ-கோரஸ் எதிர்பாராத இடத்தில் திரும்புகிறது' என்று இருந்தால், அவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார். 'எண்பதுகளின் வாசனை' என்பதையும் கவனமாக வாசிக்க வேண்டும். சில நேரம் அது பாராட்டு, சில நேரம் புதிதாக எதுவும் இல்லை என்பதை நாசூக்காகச் சொல்வது. இரண்டில் எது என்பதை அடுத்த வரி காட்டிவிடும். புதுக் குழு என்றால் 'நம்பிக்கை தரும் தொடக்கம்' என்ற சொற்றொடரும் வராமல் இருக்காது. மெட்டுப் போடும் திறமை தெரிகிறது, தங்களுக்கென்று ஒரு குரல் இன்னும் உறுதிப்படவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். முதல் ஆல்பத்துக்கு அது நேர்மையான மதிப்பீடு.

நான்காம் நாள் நான் கிளம்பும்போது அக்கா அந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டே கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் சொன்னாள்: "கோரஸ் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு தடவையும் அப்படியே வருது. கடைசித் தடவை ஏதாவது சேர்த்திருக்கலாம், குரலாவது ஒண்ணு கூடியிருக்கலாம்." பையன் சட்டென்று கைபேசியை எடுத்து விமர்சனத்தின் கடைசிப் பத்தியைத் தேடிப் படித்தான். அத்தனை பாராட்டுக்கு நடுவில் அந்த விமர்சகர் சொல்லியிருந்த ஒரே குறை அதுதான்.